என் மனைவிக்கு ஒரு துவக்கு வருகிறது

எங்கள் வீட்டுக்கு ஒரு துவக்கு வரப்போகிறது என்று மனைவி சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் காலம் முழுக்கக் கத்தியோடு நிற்கிறவன் நான். வெட்டும்போது பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் கை நிற்காது. அன்றைக்கு நின்றது.

“என்ன வருது?”

“துவக்கு. நூறு வருசத்துக்கு மேல பழசு. அப்பிடி ஒண்டு இனி எங்க தேடினாலும் கிடையாதாம்.”

“சுவரில கொளுவி வைக்கவோ?”

“சுடத்தான்,” என்றாள், பால் வாங்கிவரப் போகிறேன் என்று சொல்லும் அதே குரலில்.

நாங்கள் இருப்பது சுவிஸில், லாங்கன்தாலில். அவள் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எழும்ப முடியாதவர்களை எழுப்பி, குளிக்க வைத்து, சாப்பாடு தீத்தி, ராத்திரிச் சட்டை மாற்றிப் படுக்க வைக்கிற வேலை. ஆள் கட்டை. மேல் தட்டில் இருக்கிற மிளகாய்த்தூள் போத்தலை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாள். வீட்டுக்குள் சிலந்தி வந்தால் அடிக்க விடமாட்டாள். கடதாசியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பல்கணியில் விட்டுவிட்டு வருவாள். இப்படிப்பட்டவள்தான் எங்கள் பக்கத்துச் சுடும் கழகத்திலேயே குறி தப்பாத இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. சொன்னால் எங்கள் சனம் நம்பாது. எனக்கே நம்பச் சில காலம் எடுத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் எண்ணெயில் பொரிக்கிற எங்கள் ரோல்ஸ். கழகத் தலைவியின் தாய் மனைவியின் இல்லத்தில் இருந்தார். அந்தப் பழக்கத்தில், வருடாந்தச் சுடும் விழாவுக்குச் சாப்பாட்டுக் கடையில் வைக்க ரோல்ஸ் செய்து தரமுடியுமா என்று தலைவி கேட்டிருக்கிறார். இவளும் இரண்டு பெட்டி நிறையக் கொண்டுபோனாள். மத்தியானத்துக்கு முதலே முடிந்துவிட்டது. சும்மா நின்றவளைப் பார்த்து, ‘நீங்களும் ஒருக்கால் சுட்டுப் பாருங்கள், இன்றைக்கு ஊரில் எல்லோரும் சுடுகிற நாள்’ என்று தலைவி சொன்னாராம். எங்கள் ஆட்கள் என்றால் மரியாதைக்காவது நாலு தரம் வேண்டாம் என்போம். இவள் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, சுடுகிறவர்களுக்கு விரித்திருந்த பாயில் குப்புறப் படுத்திருக்கிறாள். நல்லகாலம், நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் காலைப் பிடித்து இழுத்திருப்பேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவளின் சட்டையில் ஒரு சின்ன உலோகப் பதக்கம் குத்தியிருந்தது. “உதென்ன?” என்றேன். “சுட்டதுக்குத் தந்தவை,” என்றாள். ரோல்ஸ் சுட்டதற்கென்று நினைத்து, “பொரிச்சதுக்கெல்லோ தரவேணும்,” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினாள். பதக்கங்கள் கூடின. ஒருநாள் கோயிலுக்கும் ஒன்றைச் சேலையில் குத்திக்கொண்டு வந்தாள், தாலிக்கொடிக்குப் பக்கத்தில். பூசை முடிந்து அன்னதானத்துக்கு இருக்கும்போது ஒரு அக்கா கேட்டார், “என்ன பிள்ளை இது, இல்லத்தில நல்லா வேலை செய்யிறதுக்குத் தந்தவையோ?” இவள் உண்மையைச் சொன்னாள். அந்த அக்காவின் கையில் இருந்த அப்பளம் அப்படியே நின்றது. “நாங்கள் எல்லாரும் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் அதைத் தேடிப் போறீர்.” இவள் அவருக்குக் கொஞ்சம் பாயசம் விட்டுவிட்டு, “ஓம் அக்கா, அது எங்களை நோக்கி வந்த துவக்கு. இது கடதாசியை நோக்கிப் போற துவக்கு,” என்றாள். இந்த மாதிரி ஒரு பதிலை என்னால் ஒரு கிழமை யோசித்தாலும் சொல்ல முடியாது.

எப்படி இப்படிச் சுடுகிறாய் என்று நானும் ஒருக்கால் கேட்டிருக்கிறேன். “மூச்சை விட்டு முடிஞ்சு அடுத்த மூச்சு எடுக்க முதல் ஒரு சின்ன இடம் இருக்கு. அதுக்குள்ள எல்லாம் அசையாமல் நிக்கும். அங்க இருந்து சுடவேணும்,” என்றாள். சாகக் கிடக்கிறவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து இருந்து அந்த இடம் தனக்குத் தெரியவந்தது என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்குத் துவக்கென்றால் பயம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் மட்டக்களப்புப் பக்கம். அவள் யாழ்ப்பாணம். (அவளோடு கதைத்துக் கதைத்து என் பேச்சும் அவளுடைய பேச்சாகிவிட்டது, ஊர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள்.) எங்கள் பக்கத்தில் துவக்கு வைத்திருந்தவர்கள் பல வகை. சீருடை போட்டவர்கள், போடாதவர்கள், நேற்றுவரைக்கும் எங்களோடு பந்தடித்தவர்கள். யார் கையில் இருந்தாலும் எனக்குப் பயம் ஒன்றுதான். இந்த நாட்டில் வெள்ளிக்கிழமைகளில் ராணுவப் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் பெடியன்கள் துவக்கோடு ரயிலில் ஏறுவார்கள். மீசை முளைக்காத முகங்கள். காதில் பாட்டு, கையில் கடித்த பணிஸ், காலுக்கிடையில் துவக்கு. நான் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். இத்தனை வருடமாகியும் போகிறேன்.

இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சுடுவதற்குக் கழகத்துத் துவக்கையே பாவித்தாள். சுட்டு முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். ஆனால் கழகத் துவக்குகள் எல்லாம் இந்த நாட்டு நெடுவல்களுக்காகச் செய்தவை. பிடி நீளம். இவள் கழுத்தை நீட்டி, தோளை முறித்து, ஒருமாதிரிச் சமாளித்துத்தான் சுடுவாள். திங்கட்கிழமைகளில் தோள்மூட்டில் தைலம் பூசிவிடுவது என் வேலை.

அப்போதுதான் எங்கடின் என்கிற மலைப்பகுதியில் இந்தத் துவக்கு இருப்பதாகக் கழகத் தலைவி சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு பழைய ஹோட்டலின் சாப்பாட்டறையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். ‘ஸ்டுட்சர்’ என்று இவர்கள் சொல்லும் குறி பார்த்துச் சுடுகிற துவக்கு. ஒரு தரத்துக்கு ஒரு சன்னம்தான் போடலாம். இந்த மாதிரி ஸ்டுட்சர் பழைய சாமான் சேர்க்கிறவர்களிடம் கொஞ்சம் இருக்கிறதாம். ஆனால் இது ஒரு பெண்ணுக்காக, அவளுடைய கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்தது. அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு இப்படிச் செய்து கொடுத்தார்கள்? அதனால்தான் அரிது. அந்தப் பெண்ணின் மகள்தான் அந்த ஹோட்டலை ஒரேயடியாக மூடிக்கொண்டிருந்த கிழவி.

மனைவியும் தலைவியும் மலை ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கிழவி துவக்கைக் கழற்றி இவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். இவள் தோளில் வைத்திருக்கிறாள். கழுத்தை நீட்டவும் வேண்டியிருக்கவில்லை, தோளை முறிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கிழவி உள்ளே போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தாராம்.

இன்னொருவரும் அதைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி அலுமாரிகள் நிறையத் துவக்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர். கிழவி முடிவாகச் சொன்னது இதுதான்: முதல் உரிமை இந்தப் பெண்ணுக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டும் அன்றைக்கே ஓமோ இல்லையோ சொல்லவேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே அது அந்தப் பெரியவரிடம் போய்விடும். இழுத்தடிக்கிற கதை தனக்குச் சரிவராது.

“அப்ப ஓம் எண்டு சொல்லியிருக்கலாம் தானே,” என்றேன்.

“நான் சொல்லேல்லை. என்ர மனுசன் சண்டைக்குள்ள இருந்து வந்தவர், அவர் பாத்து ஓமெண்டால்தான் எண்டு சொல்லிட்டு வந்தனான்.”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “என்ர பயத்தை எங்கடின் வரைக்கும் ஏன் காவிக்கொண்டு போனீர்?”

“பொய் சொல்லி வாங்கேலாது. அது இருக்கப்போறது எங்கட ரெண்டு பேற்றை வீட்டிலயும்தானே. உங்களால ஏலாட்டி நான் திருப்பி அனுப்பிறன். கோவிக்கமாட்டன்.”

கோவிக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதுதான் கரைச்சல். கோவிக்கிற பெண்சாதி என்றால் சண்டை பிடித்தாவது வெல்லலாம்.

துவக்கு உடனே வரவில்லை. உள்ளே விசைக்குரிய ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. லுசேர்ணுக்குப் பக்கத்தில் துவக்குத் திருத்தி விற்கிற ஒரு கடைக்காரரிடம் அது போனது. அந்த ஸ்பிரிங்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவரே இரும்பை அராவி, சூடாக்கி, எண்ணெயில் தோய்த்துச் செய்யவேண்டும். முதல் செய்தது முறிந்துவிட்டது. அடுத்தது மெத்தென்று இருந்தது. இலையுதிர்காலம் போய்ப் பனி கொட்டி, பனியும் கரையத் தொடங்கியது. கடைக்காரர் இடைக்கிடை போன் எடுத்துச் சொல்லுவார். இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, டொக்டர் சொல்வதைக் கேட்பவளாட்டம் தலையாட்டுவாள்.

அந்த மாதங்களில் அவள் காத்திருந்த விதத்தைச் சொல்லவேண்டும். புறுபுறுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. காலையில் வேலைக்குப் போகமுதல் நிலம் துடைக்கும் தடியைத் தோளில் வைத்து யன்னலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். முன்வீட்டு மனுசன் ஒருநாள் பல்கணியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர், இரண்டு கையையும் தூக்கிச் சரணடைவதாகக் காட்டினார். இவள் தடியை இறக்கிவிட்டுக் கும்பிட்டாள். அவள் அந்தத் துவக்குக்கு எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது எனக்கு அந்தத் தடியில் தெரிந்தது. ஆனால் என்னிடம் ஒருநாள்கூட, என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

நான் யோசித்து முடித்திருந்தேன். இல்லை என்பதுதான் என் பதில். ஹோட்டலில் சட்டி கழுவும் இடத்தில் நின்று வசனங்களைப் பாடமாக்கினேன். ‘உமக்குத் தெரியும்தானே’ என்று தொடங்கவேண்டும். ‘கழகத்திலயே வைச்சிருக்கலாமே’ என்று நடுவில் வரவேண்டும். சூரிச்சில் இருக்கும் மகளிடம் சொன்னபோது, “அப்பா, இஞ்ச பாதிப் பேற்றை வீட்டில கட்டிலுக்குக் கீழ கிடக்கு, நீங்கள் ஏன் இப்பிடி?” என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும் என்று போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் ஸ்பிரிங் சரிவந்தது. மத்தியானம் கொண்டுவருகிறேன் என்று கடைக்காரர் நாள் சொன்னார். எனக்கு அன்று ஓய்வு நாள். மனைவி காலை வேலையைச் செய்துவிட்டு அவர் வரமுதல் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். நான் விடிய எழும்பிச் சமைக்கத் தொடங்கினேன். இல்லை என்று சொல்லப்போகிற வீட்டில் சமையலாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. மனைவி வந்து சேரவில்லை. கைத்தொலைபேசி வேலையிடத்துப் பெட்டிக்குள் கிடக்கும், எடுக்கமாட்டாள். இல்லத்துக்கு அடித்தேன். ஒரு அறைக்குள் இருக்கிறா, இப்போது கூப்பிட முடியாது என்றார்கள். கதவைத் திறந்தேன். தாடி வைத்த நெடுத்த மனுசன். ஒரு கையில் நீளமான மரப்பெட்டி.

“அம்மணி இல்லையா? பரவாயில்லை. கடதாசி வேலை எல்லாம் ஏற்கனவே முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்து ஓமென்றால் பெட்டியை உங்களிடமே வைத்துவிட்டுப் போகிறேன்,” என்றார் ஜெர்மனில்.

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பெட்டிதான் தெரிந்தது. கை தானாகவே சட்டைப் பைக்குள் போய், வதிவிட அனுமதி அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவருக்கு நேரே நீட்டியது. அவர் கேட்கவேயில்லை. எங்கள் பக்கத்தில் துவக்கோடு ஒருவர் முன்னால் நின்றால் முதலில் அட்டை, பிறகுதான் கதை. இந்த நாட்டில் தபால்காரனுக்குக்கூட நான் அட்டையை நீட்டியதில்லை.

நீட்டிய அட்டையை வாங்கிப் பார்க்காமல் விடுவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கி வாசித்தார். ‘இலங்கை’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து எப்போதோ சுவிஸ் பிரஜையாகிவிட்டாள். நான் அடுத்த வருடம் பார்ப்போம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று சோம்பலில் விட்டவன். இலங்கைப் பிரஜைகள் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாதென்று இங்கே சட்டம். மனைவி முதலே சொல்லியிருந்தாள், அதைத் தொடவேண்டாம் என்று. அட்டையைக் காட்டவேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

“லைடர்,” என்றார் கடைக்காரர் தாடியைத் தடவி. துரதிர்ஷ்டவசமாக என்று பொருள். இந்த நாட்டில் ஒருவர் அந்தச் சொல்லோடு தொடங்கினால் மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லை. “உங்களிடம் இதை விட்டுப்போக எனக்கு அனுமதியில்லை. அம்மணியும் இல்லை. அந்தப் பெரியவர் பின்னேரம் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கே முடிக்கவேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை மாதம் பாடமாக்கிய வசனம் ஒன்றும் தேவையில்லை. நான் இல்லை என்று சொல்லவில்லை, சட்டம் சொல்லிவிட்டது. மனைவி வரப் பிந்தியதும் அவளுடைய வேலை. ஒருவரிலும் பிழையில்லாமல் துவக்கு தன்பாட்டில் போகப்போகிறது. அவரோடு கார் வரைக்கும் இறங்கிப் போனேன்.

காரின் பின்கதவைத் திறந்து பெட்டியை வைத்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். “பார்ப்பதற்குத் தடையில்லை. பார்க்கிறீர்களா?” தான் இரவு பகலாகத் திருத்திய சாமானை யாருக்காவது காட்டவேண்டும் என்கிற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது. நானும் சமையல்காரன். சமைத்ததை ஒருவரும் பார்க்காமல் மூடிவைப்பது என்னவென்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

பச்சைத் துணியில் அது கிடந்தது. மரம் தேன் நிறம். பிடியில் மலைப்பூ ஒன்று செதுக்கியிருந்தது, ஒவ்வொரு இதழும் தனித்தனியாக. நீளமான கரிய குழல், தோளில் கொளுவிக்கொள்ள வளைந்த பித்தளை. விசை வைக்கோல் தடிப்பும் இல்லை. என்ன வேலைப்பாடு! எனக்குத் துவக்கைப்பற்றி ஒன்றும் தெரியாது; ஆனால் கை வேலை தெரியும். பெட்டி வைத்திருந்த விதத்தில் அதன் பின்பக்கம் என்னை நோக்கி இருந்தது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. என் வாழ்க்கையில் நான் பார்த்த துவக்கெல்லாம் முன்பக்கத்திலிருந்து பார்த்தவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டை மட்டும்தான். பின்பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார் என்பதை நான் யோசித்ததேயில்லை. இதன் பிடியில் ஒரு இடம் மட்டும் பூச்சுத் தேய்ந்து மங்கலாக இருந்தது. கடைக்காரர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, “அந்தப் பெண்ணின் கன்னம். எத்தனையோ வருடம்,” என்றார். “இதை மட்டும் நான் மினுக்கவில்லை.”

மனைவியின் கன்னம் எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சரியாக அங்கேதான் அது தேய்ந்திருந்தது. காலையில் தடியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற நிற்பு கண்ணுக்குள் வந்தது. இதைக் கொண்டுபோய் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்போகிறார்கள். கடைக்காரர் பெட்டியை மூடினார்.

“சாப்பிட்டிட்டீங்களோ?” என்றேன்.

தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு ஜெர்மனில் கேட்டேன். காரில் சாண்ட்விச் இருக்கிறது என்றார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்த ஒருவரைக் காருக்குள் சாண்ட்விச் சாப்பிட விட்டால் எங்கள் ஆட்கள் என்னை வாழ்நாளுக்கும் மன்னிக்கமாட்டார்கள் என்றேன். பெட்டியையும் கொண்டுவாருங்கள், உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் உங்கள் காவலிலேயே இருக்கட்டும், நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன் என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தார். மேலேயிருந்து வந்த வாசமும் என் பக்கம் பேசியிருக்கவேண்டும். “கொஞ்ச நேரம்,” என்றார்.

ஹோட்டல் குசினியில் எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. ஆளைப் பிடித்துவைக்கவேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒன்றாக மேசையில் வைக்கக்கூடாது. முதலில் ரசம் கொடுத்தேன், சின்னக் கிண்ணத்தில். குடித்துவிட்டு மூக்கைத் துடைத்தார். வடையை ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுட்டு வைத்தேன். அடுத்தது எண்ணெயில் கிடக்கும்போது எழும்புவது யாராலும் முடியாது. வடையில் ஏன் ஓட்டை என்று கேட்டார். எனக்கும் தெரியாது, இருந்தாலும் நீளமாக ஒரு விளக்கம் சொன்னேன். பிறகு இடியப்பம், சொதி. கையால் பிசையக் காட்டிக் கொடுத்தேன். இரும்பை அராவுகிற அந்தப் பெரிய விரல்கள் இடியப்பத்தைப் பிய்க்கப் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். அவர் மணிக்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் யன்னலால் பஸ் வரும் பாதையைப் பார்த்தேன். கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தேன். அப்பளம் பொரித்தேன். முட்டைப் பொரியல் ஒன்றும் புதிதாகப் போட்டேன். வழமையில் இல்லாத சாப்பாட்டு ஒழுங்கு. பார்த்தால் எங்கள் ஹோட்டல் பெரிய சமையல்காரன் என்னை வேலையால் நிற்பாட்டியிருப்பான்.

பாயசத்துக்குப் பால் காய்ச்சும்போது பின்னால் கதைக்கும் சத்தம் கேட்டது. கடைக்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனில், தான் வரக் கொஞ்சம் பிந்தும், ஒரு வீட்டில் சாப்பாடு இன்னும் முடியவில்லை என்று அந்தப் பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சுவிஸ்காரர் சொன்ன நேரத்தைத் தள்ளிப்போட்டார். என் வாழ்நாள் சமையலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பாயசம் பாதியில் கதவு திறந்தது. மனைவி வேலைச் சட்டையோடு, மேல்கோட்டும் இல்லாமல், மூச்சு வாங்க நின்றாள். எங்களைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், கதிரைக்குப் பக்கத்தில் பெட்டியைப் பார்த்தாள். “போயிருக்கும் எண்டு நினைச்சன்,” என்றாள். “இல்லத்தில ஒரு மனுசி கண்ணை மூடிட்டா. என்ர கையைப் பிடிச்சிருந்தவ. விட்டுட்டு வரேலாமப் போச்சு.”

ஆசைப்பட்டது கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே, சாகிற ஒரு மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இவளைக் கட்டியதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது.

கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள். முதலில் உள்ளே சன்னம் இல்லையென்று பார்த்தாள். பிறகு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். தேய்ந்திருந்த இடம் மறைந்துபோனது. மூச்சு வெளியே போய் நின்றது தெரிந்தது. கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இறக்கியதும் என்னைப் பார்த்தாள். “நீங்கள் பாத்தனீங்களோ?”

“பாத்தன்.”

“பயமாயிருக்கோ?”

“ஓம். பயம்தான்.”

அவள் தலையாட்டிவிட்டுத் துவக்கைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கோவிக்கமாட்டேன் என்று சொன்னவள்.

“உள்ளுக்க வைக்காதேயும்,” என்றேன். “நான் பயப்பிடுறது துவக்குக்குத்தான். உமக்கு இல்லை. நீர்தானே பின்னால நிக்கிறீர்.”

அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு நான் ஜெர்மனில் ஒரே சொல்லில் ஓமென்று சொன்னேன்: “யா.”

போகும்போது அவருக்கு மிச்ச வடையை ஈயத்தாளில் சுற்றிக் கொடுத்தோம். வாசலில் நின்று மனைவியிடம் ஒன்று சொன்னார். சட்டப்படி நான் எடுக்க முடியாத இடத்தில் அது இருக்கவேண்டும், பூட்டு வேண்டும், சாவி எங்கே என்பது எனக்குத் தெரியக்கூடாது. சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. இன்னொரு தரம் ‘லைடர்’ என்றார்.

அவள் சேலை வைக்கும் அலுமாரிக்குள் அதை நிற்பாட்டிப் பூட்டினாள். அந்தச் சாவி எப்போதும் கதவிலேயே தொங்குவது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் எதையும் பூட்டியதில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு முழுசினாள். “இதை எங்க ஒளிக்கிறது?” என்று என்னையே கேட்டாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

“நான் பல்கணியில நிக்கிறன். ஒளிச்சிட்டுச் சொல்லும்.”

பல்கணியில் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஊரில் சோதனைச் சாவடியைக் கடந்து போகும்போது முகம் பயப்படுவதில்லை. அட்டையைக் காட்டி, சிரித்து, கடந்தபிறகு முதுகுதான் பயப்படும். எந்த நேரமும் ஏதாவது வரலாமென்று அது விறைத்துப்போய் இருக்கும். ஊரை விட்டு வந்தபிறகும் துவக்குள்ள எந்த இடத்திலும் நான் முதுகு காட்டி நின்றதில்லை. இப்போது பின்னால் வீட்டுக்குள் ஒரு துவக்கு இருந்தது. மேசை லாச்சிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அரிசி வாளியின் மூடி கேட்டது. அது சரிவராமல் மீண்டும் எடுப்பது கேட்டது. என் முதுகு தளர்ந்து, வெயிலில் சூடாக இருந்தது.

“இனித் திரும்பலாம்,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.